படகுத்துறையில் மூன்று ஊசி

கல்யாண வீட்டில் மேடையேறி மணப்பெண்ணுக்குத் திருநீறு பூசுகிறவர்கள் உண்டு. பரிசுப் பெட்டியைக் கையில் திணித்துவிட்டு போட்டோவுக்கு நிற்கிறவர்கள் உண்டு. மணப்பெண்ணின் ரவிக்கைக் கையைப் பிடித்து உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்தவர் என்று நான் கண்டது ஒரே ஒருவரைத்தான், எங்கள் தையல் யூனிட் அக்காவை. மணப்பெண் என் சித்தப்பா மகள். ஸ்ரீவில்லிபுத்தூரில் மண்டபம் நிறையக் கூட்டம். வளையல் போட்டுவிடத்தான் அக்கா கையைப் பிடிக்கிறார் என்று நினைத்து அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே கையை நீட்டியிருக்கிறாள். அக்கா குனிந்து தையலைப் பார்த்துவிட்டு, அவள் காதோடு சொன்னார்: "கழுத்துக்கு அம்புட்டு வேலப்பாடு செஞ்சவன் கைக்கு ஒத்தத் தையலப் போட்டு விட்டுட்டான். கையத் தூக்கும்போது பாத்துத் தூக்குத்தா." அதன் பிறகு அந்தப் பெண் கையைத் தூக்கவே இல்லை. ஆல்பம் முழுக்க இரண்டு கைகளும் விலாவோடு ஒட்டியே இருக்கின்றன. மாப்பிள்ளை வீட்டில் ரொம்ப அடக்கமான பெண் என்று பேசிக்கொண்டார்களாம்.

அக்காவின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் இதையும் எங்கேயாவது பார்த்து, வரிக்கு வரி புரட்டி, நாலு இடத்தில் பிரிக்கச் சொல்வார். யூனிட்டில் எல்லோருக்கும் அவர் மாஸ்டரக்கா.

தளவாய்புரத்தில் தெருவுக்கு நாலு வீட்டில் நைட்டி தைப்பார்கள். என் மாமனார் தொடங்கிய யூனிட்டும் அதில் ஒன்று. கணவர் பட்டாளத்தில் இருந்ததால் மாமனாருக்குப் பிறகு அது என் தலையில் விழுந்தது. எனக்குத் தையலும் தெரியாது, கட்டிங்கும் தெரியாது. கோபப்பட மட்டும் நன்றாகத் தெரியும். பன்னிரண்டு பெண்கள் தைப்பார்கள். மாஸ்டரக்கா காலையில் துணியை அடுக்கி வெட்டுவார். மதியத்துக்கு மேல் செக்கிங் மேஜையில் உட்கார்ந்து, தைத்து வந்த உருப்படிகளை ஒவ்வொன்றாக உள்பக்கம் திருப்பிப் பார்ப்பார். சரியில்லை என்றால் தைத்தவள் பக்கம் தூக்கிப் போட்டு ஒரே வார்த்தை சொல்வார். "பிரி." அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்கு யூனிட்டே நடுங்கும், நான் உட்பட.

"மேப்பக்கம் கடைக்காரனுக்கு, உள்பக்கம் உடுத்துறவளுக்கு" என்பது அவர் அடிக்கடி சொல்வது. இதை நைட்டிக்கு மட்டும் சொன்னால் பரவாயில்லை. தன் கல்யாணத்துக்கும் அதையேதான் சொல்வார். வீட்டுக்காரர் போலீசில் இருந்து ஓய்வு பெற்றவர். "எங்கய்யா மேப்பக்கம் இருந்த யூனிபார்மப் பாத்துக் கட்டிக் குடுத்துட்டாரு தாயி. உள்ள திருப்பிப் பாக்கணும்னு யாருக்கும் தோணல" என்பார். சொல்லிவிட்டு, "ஆனா அவிய மோசம் இல்ல, அங்கங்க நூலு விட்ருக்கு, அம்புட்டுத்தான்" என்று தானே தைத்தும் விடுவார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் அவர் வீடு. தினமும் அங்கிருந்து இராஜபாளையத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து தளவாய்புரத்துக்கு இன்னொரு பஸ். முதல் பஸ்ஸில் மூன்றாவது சீட்டின் உறை ஒருநாள் கிழிந்திருந்ததாம். நம்மைப் போல் இருந்தால் கிழிசல் மேல் உட்கார்ந்து போய்விடுவோம். அக்கா சேலைத் தோளில் குத்தி வைத்திருக்கும் ஊசியை எடுத்து, இராஜபாளையம் வருவதற்குள் அரைச் சாண் தைத்துவிட்டார். மறுநாள் மீதி அரைச் சாண். பிறகு பக்கத்துச் சீட்டு. கண்டக்டர் ஒரு மாதம் பார்த்துவிட்டு, "எக்கா, டிரைவர் சீட்டும் கிழிஞ்சிருக்கு, ஆனா அவரு எந்திரிக்க மாட்டாரு" என்றாராம். அதில் அக்காவுக்கு இன்றைக்கு வரை ஒரு மனக்குறைதான்.

ஆடிப்பூரத்துக்கு ஊரே ஆண்டாள் தேரைப் பார்க்கத் திரண்டு நிற்கும். அக்காவும் வருவார், கன்னத்தில் போட்டுக்கொள்வார், கண்ணீர்கூட விடுவார். ஆனால் தேர் திரும்பும்போது அவர் கண் தேரைச் சுற்றித் தொங்கும் சீலைகள் மேல்தான் இருக்கும். "நாலாவது தொங்கல்ல ஓரம் மடிச்சு அடிக்கல தாயி" என்று என் காதில் சொல்வார். சாமியின் முன்னால் இப்படியா என்று கேட்டால், "அவளுக்குத்தான மொதல்ல ஒழுங்கா இருக்கணும்" என்பார். 

இன்னொரு வித்தை, கண்ணளவு. ஆளைப் பார்த்த மாத்திரத்தில் அளவு சொல்லிவிடுவார். என் மாமியாரை முதன்முதலில் பார்த்தபோது கைகூப்பிவிட்டு, வாய் தவறி, "டபுள் எக்செல், தோளு மட்டும் எக்செல்" என்றார். மாமியார் அதை ஏதோ வாழ்த்து என்று நினைத்து, "நல்லாரு" என்று சொல்லிவிட்டார்கள். நான் சமையலறைக்குள் ஓடிப்போய்த்தான் சிரித்தேன்.

இவ்வளவு சொன்னதும் அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்று நினைப்பீர்கள். பிடிக்கும். அதே அளவு எரிச்சலும் உண்டு. உள்பக்கம் பார்க்கிற ஆள் வேலைக்கு இருந்தால் லோடு நேரத்துக்குப் போகாது. எங்கள் நைட்டிகளை மொத்தமாக வாங்குகிறவர் கொல்லத்துக்காரர். அந்த வருடம் ஓணத்துக்கு அனுப்ப வேண்டிய லோடு, அக்கா பிரிக்கச் சொன்ன உருப்படிகளால் நாலு நாள் பிந்தியது. அவர் போனில் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அமைதியாகச் சொன்னார்: "சேச்சி, நான் கேட்டது இந்த ஓணத்துக்கு. அடுத்த ஓணத்துக்கு இல்ல. இன்னொருவாட்டி லேட் ஆச்சுன்னா நான் அடுத்த தெருவுல வாங்கிக்கிறேன்."

அவர் போனால் யூனிட் படுத்துவிடும். பன்னிரண்டு பெண்களுக்கும் வேலை போய்விடும். அக்காவைச் செக்கிங் மேஜையிலிருந்து எழுப்பிவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். கட்டிங் மட்டும் பாருங்கள் என்று சொல்ல வேண்டியதுதான். சொல்வதற்கு எனக்குத் தைரியம் இல்லாமல் இரண்டு வாரம் ஓடியது.

ஒவ்வொரு வருடமும் ஓணம் லோடு முடிந்ததும் எல்லோரையும் ஒரு நாள் எங்காவது கூட்டிப் போவது மாமனார் காலத்து வழக்கம். குற்றாலம், திருச்செந்தூர் என்று போய்ப் போய் அலுத்துவிட்டது. அந்த வருடம் பெண்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு தீவு வேண்டும் என்றார்கள். யாரோ ஒருத்தியின் போனில் படம் வந்திருக்கிறது: வெள்ளை மணல், பச்சைத் தண்ணீர், படகில் கூட்டிப் போய்க் கூட்டி வர கைடு. எனக்கும் அது வசதியாகப் பட்டது. தீவில் வைத்துச் சொன்னால் அக்காவால் கோபித்துக்கொண்டு பஸ் ஏறிப் போக முடியாது. எப்படி என் புத்தி?

மன்னார் வளைகுடாப் பக்கம் ஒரு தீவு. பெயர் வேண்டாம், கூட்டிப் போனவர்களின் பெயரும் வேண்டாம். முதல்நாளே வேனில் போய் இராமேசுவரத்தில் தங்கி, காலையில் தீர்த்தமாடி, இட்லி சாப்பிட்டுவிட்டுப் படகுத்துறைக்குப் போனோம். கைடுக்கு நாற்பது வயது இருக்கும். தொப்பி, கழுத்தில் விசில், கையில் ஒரு சின்ன மைக். பக்கத்திலேயே நின்றிருந்த எங்களுக்கும் மைக்கில்தான் பேசினார்.

"வணக்கம், வணக்கம். பத்து மணிக்குப் படகு எடுக்குறோம். பதினொன்னுக்குத் தீவு. ரெண்டு மணிநேரம் குளிக்கலாம், பவளப்பாறை பாக்கலாம், போட்டோ எடுக்கலாம். ஒரு மணிக்குத் திரும்பிடணும். கச்சான் காத்து இன்னும் ஓயல. மதியத்துக்கு மேல கடல் நம்ம பேச்சக் கேக்காது."

சொல்லிவிட்டுப் பதினாறு லைஃப் ஜாக்கெட்டுகளைக் கொண்டுவந்து தரையில் போட்டார். எங்களுக்குப் பதினான்கு, தனக்கும் படகு ஓட்டுகிறவருக்கும் இரண்டு. ஆரஞ்சு நிறம் வெயிலில் வெளுத்துப் போயிருந்தது. எங்கள் பெண்கள் ஆளுக்கொன்றை எடுத்து மாட்டிக்கொண்டு செல்பி எடுக்க ஆரம்பித்தார்கள்.

மாஸ்டரக்கா ஒன்றைக் கையில் எடுத்தார்.  என்ன நடக்கப் போகிறது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. திருப்பினார். மார்புக்குக் குறுக்கே வரும் வார், ஜாக்கெட்டோடு சேருகிற இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு வாரைப் பிடித்து, ஓங்கியெல்லாம் இல்லை, சும்மா ஒரு சுண்டு சுண்டினார். டர்ரென்று கையோடு வந்துவிட்டது.

செல்பி எடுத்தவர்கள் நிறுத்தினார்கள். கைடு மைக்கை இறக்கினார்.

"அது பழசு, வேற எடுத்துக்கங்க அக்கா" என்றார்.

அக்கா வேறு எடுத்தார். டர்ர். இன்னொன்று. டர்ர். "உப்புலயும் வெயில்லயும் நூலு இத்துப் போச்சு" என்றார் அக்கா. "அதுவும் ஒத்தத் தையல். ஒரு ஆளு பாரத்த ஒத்தத் தையல் தாங்குமா?"

"யாரும் கடல்ல விழப் போறதில்லக்கா. இத்தன வருசத்துல ஒருத்தர் விழுந்ததில்ல. இது ஒரு ரூல்ஸுக்குப் போடுறது."

"விழாத ஆளுக்கு எதுக்கு ஜாக்கெட்டு? விழுந்தா வேணும்னுதான குடுக்கீய?"

கைடு என்னைப் பார்த்தார். ஓனரம்மா நான்தானே. நான் என் குரலை மெதுவாக்கிக்கொண்டு, "அக்கா, பத்து மணி ஆயிருச்சு, ஒரு மணிக்குள்ள திரும்பணுமாம்" என்றேன். அதாவது யூனிட்டில் சொல்வதைத்தான் அங்கேயும் சொன்னேன்.

அக்கா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பிய்ந்த வாரைப் புரட்டிக்கொண்டே சொன்னார்: "இதத் தச்ச எடத்துலயும் ஒருத்தி பிரிக்கணும்னு சொல்லியிருப்பா தாயி. ஓனரம்மா பக்கத்துல நின்னு லோடு ஏத்து, லோடு ஏத்துன்னு சொல்லியிருப்பாக."

என் திட்டம் தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. நான் கடலைப் பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

பிறகு நடந்ததை அந்தப் படகுத்துறை அதற்கு முன் கண்டிருக்காது. வந்திருந்த பதினான்கு பேரில் பதின்மூன்று பேருக்குத் தையல்தான் பிழைப்பு. அக்கா கால்மடக்கித் தரையில் உட்கார்ந்தார். மற்றவர்களும் சொல்லாமலே உட்கார்ந்தார்கள். ஆனால் ஊசி மூன்றுதான் இருந்தது: அக்காவின் தோளில் இரண்டு, தாலிக் கயிற்றில் ஊக்கோடு ஊக்காக ஒருத்தி கோத்து வைத்திருந்தது ஒன்று. நூலுக்கு என்ன செய்வது என்று யோசிக்கும்போது, அதுவரை வாயே திறக்காமல் படகில் உட்கார்ந்திருந்த படகுக்காரர் இறங்கி வந்து, வலையின் கிழிசல் பொத்துகிற நைலான் நூல்கண்டு ஒன்றை அக்காவின் முன் வைத்தார். "இது அறாது" என்றார். கைடு அவரைப் பார்த்த பார்வையில், கூட இருந்தே குழி பறிக்கிறாயே என்று இருந்தது.

மூன்று பேர் தைக்க, மற்றவர்கள் நூல் வெட்ட, வாரைப் பிடிக்க, கிளிப்பைச் சரிபார்க்க. அப்படியே விட்டிருந்தால் ஒரு மணிநேரத்தில் முடிந்திருக்கும். ஆனால் அக்கா அக்காதானே. ஒவ்வொரு ஜாக்கெட்டும் முடிந்ததும் தன் மடிக்கு வாங்கி, உள்பக்கம் திருப்பி, சுண்டிப் பார்த்தார். நாலாவதைத் திருப்பிப் போட்டார்.

"பிரி."

"எக்கா, இங்கயுமா?" என்றாள் தைத்தவள்.

"ஏட்டி, கரையிலதான பிரிக்க முடியும். நடுக்கடல்ல பிரிஞ்சா அங்கன நான் வந்து சொல்லவா?"

கைடு வாட்சைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மைக் இல்லாமலே கத்தினார்: "இருவது வருசமா இந்தக் கடல்ல இருக்கேன். ஒரு டூருக்கு முன்னாடி டெய்லர் கடை போட்டது இன்னைக்குத்தான் பாக்கேன்." அக்கா அதற்குக் கோபப்படவில்லை. நிமிர்ந்து அவரை மேலிருந்து கீழ் ஒருமுறை பார்த்து, "உங்களுக்கு எக்செல் வேணும். எல் சட்டைய மாட்டிக்கிட்டு மூச்சு விடாம இருந்தா கோவம் வரத்தான் செய்யும்" என்று ஒரு ஜாக்கெட்டைத் தள்ளிவைத்தார். படகுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

மொத்தம் ஐந்து உருப்படி பிரிக்கப்பட்டது. படகு கிளம்பியபோது மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது.

தீவில் எங்களுக்குக் கிடைத்தது நாற்பது நிமிடம். சும்மா சொல்லக்கூடாது, அந்த நாற்பது நிமிடத்துக்காகவே இன்னொரு முறை போகலாம். எங்கள் ஊர்ப் பக்கத்து ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தையும் கலங்கிய கரைக் கடலையும் தவிர வேறு பெரிய தண்ணீரைப் பார்க்காதவர்கள் எல்லோரும். இங்கே தண்ணீருக்கு நிறமே இல்லை, தூரத்தில் மட்டும் பச்சை. காலடியில் மணலும் மீன் குஞ்சுகளும் தெரிந்தன. எங்கள் பெண்கள் தாங்களே தைத்த நைட்டியைப் போட்டுக்கொண்டு, அதன் மேல் மரியாதைக்கு ஒரு துண்டையும் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். கைடு, "துண்டு எதுக்குக்கா, தீவுல நம்மளத் தவிர யாருமே இல்லையே" என்றார். "நீங்க இருக்கீயல்ல" என்றாள் ஒருத்தி. அவர் பாவம், போய் ஒரு தாழஞ்செடிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, அங்கிருந்தே மைக்கில் கடற்பசுவைப் பற்றிச் சொன்னார். கடற்பசு ஒன்றும் வரவில்லை.

அக்கா முழங்கால் தண்ணீரில் நின்றார். கரையில் ஒதுங்கிக் கிடந்த ஒரு பெரிய சிப்பியை எடுத்துத் திருப்பி உள்ளே பார்த்தார். உள்பக்கம் வழவழவென்று வெள்ளையாக, வெயிலில் பல நிறமாக மின்னியது. ரொம்ப நேரம் பார்த்தார். "தாயி, இதுல தையலே இல்ல பாத்தியா" என்று என்னிடம் காட்டினார். அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் அதுவரை பார்த்ததில்லை. ஐந்து வருடப் பழக்கத்தில், உள்பக்கம் திருப்பிப் பார்த்த ஒன்றை அவர் மெச்சி நான் கேட்டது அப்போதுதான்.

சொல்லிவிட இதுதான் சமயம் என்று பக்கத்தில் போனேன். "அக்கா, உங்ககிட்ட ஒண்ணு பேசணும்."

"பேசு."

"வெயில் சுள்ளுன்னு இருக்கு. தலைக்குத் துண்டப் போடுங்க."

"இதுக்கா இம்புட்டு நேரம் மென்னு முழுங்குன?" என்று தலைக்குத் துண்டைப் போட்டுக்கொண்டார்.

திரும்பும்போது காற்று எழுந்துவிட்டது. கைடு காலையில் சொன்னது வாய்ச்சொல் இல்லை. கரையில் நின்று பார்த்தால் அழகாகத் தெரியும் அலை, படகுக்குள் இருந்து பார்த்தால் சுவர். படகு அலைமேல் ஏறும்போது வானம் மட்டும் தெரிந்தது, இறங்கும்போது தண்ணீர் மட்டும் தெரிந்தது. இரண்டு பேர் காலையில் சாப்பிட்ட இட்லியைக் கடலுக்குக் கொடுத்தார்கள். ஒருத்தி இருக்கன்குடி மாரியம்மனைக் கூப்பிட்டாள், பக்கத்தில் இருந்தவள் அவளையே அம்மா என்று கூப்பிட்டாள். கைடு பிடித்த பிடியை விடாமல், "ரெண்டு மணிநேரம் தச்சீங்கள்ல, அதுக்குத்தான் இது" என்று அக்காவைப் பார்த்துக் கத்தினார். அவர் சொன்னதில் தப்பில்லை. நேரத்துக்குப் போயிருந்தால் இந்த அலைக்கு முன்னாலேயே கரையேறியிருப்போம்.

ஆனால் அவர் அப்படிச் சொல்லிக்கொண்டே, அதுவரை காலடியில் கிடந்த ஜாக்கெட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். கிளிப்பைப் போட்டுவிட்டு, யாரும் பார்க்காத மாதிரி வாரை ஒரு சுண்டு சுண்டிப் பார்த்தார். அக்கா பார்த்துவிட்டார். "அது நான் தச்சது. தைரியமாப் போடுங்க" என்றார்.

அப்போதுதான் எல்லோரும் தங்கள் வாரைப் பார்த்தார்கள். கறுப்பு வாரின் மேல் பச்சை நைலான் நூல், போய் வந்து போய் வந்து நாலு வரிசை. நானும் குனிந்து பார்த்தேன். என் ஜாக்கெட்டில் பச்சை நூலே இல்லை.

இடப்பக்கம் பார்த்தேன், வலப்பக்கம் பார்த்தேன். இல்லை. பதின்மூன்று பேருக்கும் இருக்கிறது, கைடுக்கும் படகுக்காரருக்கும் இருக்கிறது, எனக்கு மட்டும் இல்லை. அந்த நேரத்தில் மனசு என்னென்ன நினைத்தது என்பதை வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இந்த அம்மாவுக்கு என் திட்டம் தெரிந்துவிட்டது, கணக்குத் தீர்த்துவிட்டார் என்று நினைத்தேன். செக்கிங் மேஜைக்காக ஒரு ஆளைக் கடலில் விடுவார்களா என்று யோசிக்கக்கூடத் தோன்றவில்லை. அவ்வளவு பயம்.

"அக்கா, எனக்குத் தைக்கலையே."

"ஒனக்கு வேண்டாம் தாயி. அது ஒண்ணுதான் ஒழுங்கா இருந்துச்சு. ரெட்டத் தையல், நல்ல நூலு. அதான் ஒனக்கு எடுத்து வச்சேன்."

"எப்படித் தெரியும்?"

"பாத்தேன்."

 அலை அப்படியேதான் இருந்தது. ஆனால் வாரை இறுக்கிப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டேன். ஒருத்தி 'பார்த்தேன்' என்றால் பார்த்திருக்கிறாள் என்று நம்ப முடிவது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அங்கே, அந்தத் தண்ணீரின் நடுவில்தான் உறைத்தது. இந்தப் பொம்பளையையா மேஜையிலிருந்து எழுப்பப் பார்த்தேன் என்று அழுகை வந்தது. முகமெல்லாம் ஏற்கெனவே உப்புத் தண்ணீர் என்பதால் யாருக்கும் தெரியவில்லை.

ஒருவரும் கடலில் விழவில்லை. எல்லோரும் கரை சேர்ந்தோம். வேனில் ஏறியதுமே பஞ்சாயத்து தொடங்கிவிட்டது. மாஸ்டரக்கா இல்லையென்றால் இன்றைக்கு நம்ம கதி என்ன என்றது ஒரு கட்சி. மாஸ்டரக்கா இல்லையென்றால் அந்த அலையே இல்லை என்றது இன்னொரு கட்சி. அருப்புக்கோட்டை தாண்டியும் தீரவில்லை. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, முன்சீட்டின் உறையில் விட்டிருந்த ஒரு நூலைத் தடவிக்கொண்டே தூங்கிவிட்டார்.

இந்த இடத்தில், திங்கட்கிழமை நான் மனம் மாறி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன் என்று எழுதத்தான் ஆசை. திங்கட்கிழமை காலையில் கொல்லத்துக்காரர் போன் செய்தார். தீபாவளி லோடு என்றார், தேதி சொன்னார், "சேச்சி, ஓர்ம வச்சுக்கோ, மறந்துடாத" என்றார். நைட்டி காய்ந்தது மாதிரி என் அழுகையும் காய்ந்துபோயிருந்தது. மதியம் அக்கா செக்கிங் மேஜைக்கு வந்தபோது நான் அங்கே போய் நின்றேன்.

"அக்கா, இனிமே நீங்க கட்டிங் மட்டும் பாருங்க. செக்கிங்க வேற ஆளு பாக்கட்டும்."

மிஷின் சத்தமெல்லாம் ஒவ்வொன்றாக நின்றது. அக்கா மேஜையைப் பார்த்தார். 

"செரி. யாரு உக்காருதா?"

நான் அதை யோசிக்கவே இல்லை. அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்திகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. "நாந்தான்" என்றேன்.

"செரி" என்று மறுபடியும் சொல்லி, கையில் இருந்த நூல்வெட்டியை மேஜையில் வைத்துவிட்டுத் துணி அடுக்கப் போய்விட்டார்.

கொல்லத்துக்காரருக்காகத்தான் உட்கார்ந்தேன். முதல் உருப்படியை எடுத்தேன். பூப்போட்ட நைட்டி, மேலே அழகாக இருந்தது. மடித்துக் கட்டிப் பெட்டியில் போட வேண்டியதுதானே? கை தானாகத் திருப்பியது. கை இணைப்பில் ஒற்றைத் தையல். இதற்கு முன் அது என் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. இப்போது அது மட்டும்தான் தெரிந்தது. டர்ரென்ற சத்தமும் படகு ஏறி இறங்கியதும் திரும்ப வந்தன. தைத்தவள் பக்கம் தூக்கிப் போட்டு, "பிரி" என்றேன். அடுத்ததையும் திருப்பினேன். அடுத்ததையும்.

மூன்றாம் நாள் சாயங்காலம் என் பக்கத்தில் பிரிக்க வேண்டிய குவியல் மேஜை உயரத்துக்கு இருந்தது. அக்கா உட்கார்ந்த காலத்தில் அதில் பாதிகூட இருந்ததில்லை. அனுப்ப வேண்டிய பெட்டியில் பத்து உருப்படிகூட இல்லை. பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் கூடிக் கூடிப் பேசினார்கள். கடைசியில் ஒருத்தி எழுந்து, "எக்கா, நீங்களே வந்து உக்காருங்க, இவுகளோட முடியல" என்று கட்டிங் மேஜையைப் பார்த்துச் சொன்னாள், நான் அங்கேயே இருப்பது தெரிந்தும்.

அக்கா கத்தரியை வைத்துவிட்டு வந்தார். குவியலின் மேலே இருந்த ஒன்றை எடுத்து, உள்பக்கம் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவரும் பிரி என்று சொல்லப் போகிறார் என்று நான் காத்திருந்தேன். அதை மடித்துப் பெட்டியில் போட்டார். இன்னொன்றை எடுத்துப் பார்த்தார், அதையும் போட்டார். பிறகு என் கையில் இருந்ததை மெதுவாக வாங்கிக்கொண்டு, என்னை எழுப்பிவிட்டு, தான் உட்கார்ந்தார்.

"இத அனுப்பலாம் தாயி. நைட்டிதான. இத நம்பி யாரும் கடல்ல எறங்கப் போறதில்ல."